பால்ட்வின் ஹெட்போன்: மூடிக்குள் இருக்கும் அடையாளம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின், 1910-ல் தன் ஹெட்போனைக் கடற்படைக்குச் சோதனைக்கு அனுப்பினார். கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலியைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலம் அது. கடற்படை அசந்துபோய் இன்னும் நிறைய வேண்டும் என்று கேட்டது. அவரோ வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்துகொண்டிருந்தார்; ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் முடியாது என்றார்!

பழைய ஹெட்போன் ஒன்று கைக்கு வந்தால், அது பால்ட்வினுடையதா என்றறிய வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். தலைப்பட்டையும் துணி சுற்றிய வயரும் மாற்றப்பட்டிருக்கலாம். காதுமூடியைத் திருகிக் கழற்றுங்கள். அக்காலத்துச் சாதாரண ஹெட்போன் என்றால் மெல்லிய இரும்புத் தகடு தெரியும். மின்காந்தம் அதை நேரடியாக இழுக்கும். பால்ட்வின் என்றால் மைக்கா வட்டு. அதன் பின்னால் காந்த முனைகளுக்கு நடுவே ஒரு சிறு இரும்புத் துண்டு, இரு பக்கமும் சமமாக இழுபட்டபடி நிற்கும். மின்னோட்டம் பாய்ந்ததும் அது தராசு முள்போலச் சாயும்; நுண்ணிய கம்பி ஒன்று அந்த அசைவை மைக்காவுக்குக் கடத்தும். குறைந்த மின்சாரத்தில் அதிக ஒலி கிடைத்த சூட்சுமம் இதுதான்.

ஹெட்போனில் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதியைத் தயாரிப்பு ஆண்டாகக் கொள்வது சேகரிப்பாளர்களின் வழக்கமான அவசரம். அந்தத் தேதிக்கு முன் செய்யப்பட்டதல்ல என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் மைக்காவை விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள். எளிதில் விரிசல் விடும்.