குற்றமுள்ள வைரம்

வைரத்தோடு வாங்கப் புறப்படுகிறவர்கள் கல்லைப் பூதக்கண்ணாடியில் வைத்துத் தோஷம் பார்ப்பது நம் வழக்கம். கரும்புள்ளி ஒன்று தென்பட்டால் வீட்டுப் பாட்டிமார் அதைத் தொடவும் சம்மதியார். ஹாலந்து தேசத்து டெல்ப்ட் சர்வகலாசாலை விஞ்ஞானிகளோ வைரத்தில் குற்றத்தையே தேடினார்கள் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

கரியணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பெற்றதே வைரம். அவ்வடுக்கில் ஒரு கரியணுவின் ஸ்தானத்தில் நைட்ரஜன் அணு புகுந்து, அதன் பக்கத்து ஸ்தானம் காலியாகவும் இருந்துவிட்டால், அங்கே எலெக்ட்ரான்கள் சிறைப்படுகின்றன. எலெக்ட்ரானுக்குப் பம்பரத்தின் சுழற்சியை ஒத்த ஒரு குணம் உண்டு. லேசர் ஒளியைப் பாய்ச்சி அச்சுழற்சியின் நிலையை அறியலாம்.

தூரத்திலுள்ள இரண்டு சுழற்சிகளைப் பிணைத்துவிட்டால், ஒன்றை அளந்தவுடன் மற்றதன் நிலையும் தெரிந்துவிடும். இதில் என்ன அதிசயம்? ஒரு ஜோடிப் பாதரக்ஷையில் ஒன்றைக் காசிக்கும் மற்றொன்றை ராமேசுவரத்துக்கும் அனுப்புகிறோம். காசியில் பெட்டியைத் திறந்தவன் இடதுகால் செருப்பைக் கண்டால், ராமேசுவரத்தில் இருப்பது வலதுகால் செருப்புத்தானே! விடை முன்பே பெட்டிக்குள் இருக்கவேண்டும் என்றே ஐன்ஸ்டீனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1935-இல் வாதித்தனர்.

வாதத்தைத் தீர்க்க வழி சொன்னவர் அயர்லாந்தில் பிறந்த ஜான் பெல். விடை முன்பே நிச்சயமாகியிருந்து, ஒளியை மிஞ்சிய வேகத்தில் ஒன்றையொன்று பாதிக்காமலும் இருந்தால், பல திசைகளில் அளந்து கணக்கிடும் ஓர் எண் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாது என்று 1964-இல் நிரூபித்தார். அதன்பின் நடந்த பரிசோதனைகளில் ஆக்ஷேபணைக்கு ஏதேனும் ஒரு சந்து இருந்துகொண்டே வந்தது.

2015-இல் டெல்ப்டில் ரொனால்ட் ஹான்ஸன் குழுவினர் அந்தச் சந்துகளை ஒருங்கே அடைத்தனர். ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரங்கள்; கடுங்குளிரில் வைக்கப்பட்டவை. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒளி செல்லச் செகண்டில் பத்து லக்ஷத்தில் நான்கு பங்கு ஆகும். அதற்குள் இரண்டையும் அளந்து முடித்துவிட வேண்டும். 220 மணி நேரத்தில் கிட்டிய பிணைப்புகள் 245-தான். எவ்வளவு பொறுமை! இச்சோதனையின் எண்ணுக்கு எல்லை 2; கிடைத்ததோ 2.42. அவ்வாண்டிலேயே வியன்னாவிலும் அமெரிக்காவிலும் ஒளித்துகள்களைக் கொண்டு நடந்த சோதனைகளும் ஐன்ஸ்டீனுக்கு எதிராகவே சாக்ஷி சொல்லின.

"அப்படியானால் இதைக் கொண்டு தந்தி கொடுக்கலாமா, ஸார்?" என்றான் என் மாணாக்கன் ஒருவன். முடியாது, எந்த விடை வரும் என்பது நம் கையில் இல்லையே! பயன் வேறு. 0, 1 இரண்டின் கலவையாகவும் நிற்கவல்ல சுழற்சிகளைப் பிணைத்தால், சிலவகைக் கணக்குகளைச் சாதாரணக் கம்ப்யூட்டரைவிட வெகு விரைவில் போடலாம் என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை. 2019-இல் டெல்ப்டில் ஒரே குற்றத்தையும் அதைச் சூழ்ந்த அணுக்கருக்களையும் சேர்த்துப் பத்துச் சுழற்சிகளை இவ்வேலைக்குப் பழக்கினார்கள். அவற்றுள் ஒன்று தன் நிலையை ஒரு நிமிஷத்துக்கு மேல் மறவாதிருந்தது. 2021-இல் மூன்று வைரங்களை ஒரே வலையில் பிணைத்துக் காட்டினார்கள்.