முன்பள்ளியில் பிராணிகள்: பொறுப்பு பெரியவர்களுடையதே

முன்பள்ளிகள் சிலவற்றில் முயல், கோழிக்குஞ்சு, ஆமை, மீன் முதலியவற்றை வளர்க்கும் வழக்கம் உண்டு. உயிர்களிடத்து இரக்கத்தைச் சிறார் மனதில் விதைக்கும் இம்முயற்சியை நாம் வரவேற்கின்றோம். ஆயினும், அது நோய்க்கு வாயிலாகிவிடலாகாது.

ஆரோக்கியமாகத் தோன்றும் கோழிக்குஞ்சும் ஆமையும் சல்மொனெல்லா எனும் கிருமியைத் தம் கழிவுடன் வெளியேற்றக்கூடும். இதன் காரணமாகவே, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975 ஆம் ஆண்டில் தடைசெய்தது. விரலை வாயில் வைக்கும் பருவத்தினரான ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு இக்கிருமியால் ஏற்படும் வயிற்றோட்டம் கடுமையாகலாம். ஆதலால், அவர்கள் தொட்டு விளையாட இவ்விரண்டும் உகந்தவையல்ல. மூடியிட்ட மீன்தொட்டி பெரிதும் பாதுகாப்பானது. அதன் நீரைப் பெரியவர்களே மாற்றுதல் வேண்டும்.

எப்பிராணியைத் தொட்டாலும் சிறார் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 20 செக்கன்களேனும் கை கழுவுவதை ஆசிரியை உறுதிசெய்ய வேண்டும். உணவருந்தும் இடத்துக்கு அருகில் கூடு அமையலாகாது. வளாகத்தில் நடமாடும் நாய், பூனைகளுக்கு விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றப்பட்டிருத்தல் அவசியம். அவை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவி, பிள்ளையை உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மஞ்சள் பூசிக் காத்திருப்பது உயிராபத்தாக முடியலாம்.

விடுமுறை நாட்களில் முயலைப் பட்டினி போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு இரக்கத்தைப் போதிக்க இயலாது. தினமும் உணவிடவும் துப்புரவு செய்யவும் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க முடியாத முன்பள்ளி, பிராணி வளர்ப்பைத் தவிர்ப்பதே நன்று என்பது எமது கருத்தாகும்.