எம்.ஜி.பி. காருக்கு ஏற்ற காம்தண்டும் புகுகுழாயும்

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை ஆக்கப்பெற்ற எம்.ஜி.பி. காரை வார இறுதியில் ஓட்டி மகிழ்வோர் சிலர், வேகத்தை விரும்பி, வால்வுகளைத் திறந்து மூடும் காம்தண்டையும், கலவையை எஞ்சினுக்குச் செலுத்தும் புகுகுழாயையும் மாற்றுவர். ஒன்றையொன்று நோக்காது இவற்றைத் தெரிதல் வீண்செலவேயாம்.

1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இவ்வெஞ்சினின் நான்கு உருளைகளுக்கும் கலவை புகும் வாயில்கள் இரண்டே. ஒரு வாயிலைப் பங்கிடும் இரு உருளைகளும் கிராங்க் தண்டின் 180 பாகை இடைவெளியில் அடுத்தடுத்து மூச்சிழுப்பன. தொழிற்சாலை அமைத்த காம்தண்டு உள்வால்வை 252 பாகை திறந்து வைக்கும். ஆகவே 72 பாகைக்கு ஒரே கலத்தில் இருவர் உண்பது போலாம். 290 பாகைத் தண்டைப் பூட்டினாலோ அது 110 பாகையாகும். முந்திய உருளைக்குரியதைப் பிந்தியது பறிக்கும். அன்றியும், வால்வு பிந்தி மூடுதலால், குறைந்த சுழற்சியிற் புகுந்த கலவை குழாய்க்கே மீளும். சுழற்சி உயர்ந்தாலன்றிக் கலவையின் உந்தம் இக்குறையை ஈடுசெய்யாது. குறுகிய நீளமும் அகன்ற வாயுமுள்ள குழாயும் அத்தகையதே.

நிமிடத்துக்கு 6000 சுழற்சியிற் பந்தயம் ஓடுவோர்க்கு இவை பொருந்தும். நாட்டுப்புறப் பாதையில் 3000 சுழற்சியிற் செல்வோர்க்கோ, பழைய இரட்டை எஸ்.யூ. காபுரேற்றரும் அதன் குழாயும், 270 பாகையளவான தண்டும் போதும். (விளம்பரங் கூறும் குதிரைவலு எச்சுழற்சியிற் பெற்றதென வினவுவார் சிலரே.) 1975 முதல் அமெரிக்காவுக்கென ஒற்றைக் காபுரேற்றருடன் ஆக்கிய கார்களில், தண்டிற் கைவைக்குமுன் அவ்விரட்டையை மீளப் பூட்டுதல் நன்று.