ரஜூலாவுக்குப் பிறகு ஒரு கப்பல்

சென்னைத் துறைமுகத்தின் பயணிகள் முனையத்தில், ஸ்கேனரைத் தாண்டாமல் அம்மாவின் பெட்டி நின்றுவிட்டது. உள்ளே இஸ்திரிப்பெட்டி. இரண்டு ராத்திரிப் பயணத்துக்கு எதற்கு இது என்று நான் கேட்கவில்லை. கசங்கிய பருத்திப் புடவையோடு அவர் எந்த ஊருக்கும் போனதில்லை. சோதனையில் நின்ற பெண் பொறுமையாகச் சொன்னார்: "கப்பல்ல சூடு ஏத்துற சாமான் எதுவும் ஆகாதும்மா. நெருப்புக்குத்தான் பயம். திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்." சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா அதை நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, "எங்கப்பா போனப்போ பாயும் தலகாணியும் இல்லாம வராதேன்னாங்க. இப்ப என்னடான்னா இருக்கிறதயும் வாங்கி வச்சுக்கிறாங்க" என்றார்.

அம்மா சொன்னது 1958-ஆம் வருடத்துக் கதை. தாத்தா பினாங்கில் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கெழுதப் போனார். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைப் படகில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். எட்டு வயதுச் சிறுமியாக அம்மா கரையில் நின்று கையசைத்திருக்கிறார். படகு சின்னதாகி, பெரிய கப்பலின் நிழலுக்குள் போய் மறைந்தது வரைக்கும் அவருக்கு நினைவிருக்கிறது. அந்தக் கப்பலின் பெயர் ரஜூலா.

காவிரிப் படுகையிலும் ராமநாதபுரம் சீமையிலும் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால், யாராவது ஒருவர் வீட்டுக் கதையை எடுத்துவிடுவார். 1926-ல் கட்டப்பட்ட கப்பல். இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாக 1973 வரைக்கும் மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஒரே தடத்தில் ஓடியது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1980-களில் அதில் நேர்ந்த தீ விபத்தோடு அந்தக் கதையும் முடிவுக்கு வந்தது. அப்புறம் நம் ஆட்கள் எல்லோரும் விமானத்துக்கு மாறிவிட்டார்கள். தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் கப்பல் ஏறுவது என்றால் பிழைக்கப் போவது, எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் போவது. ஊர் சுற்றிப் பார்க்கவென்று கப்பல் ஏறிய ஒருவர்கூட எங்கள் வம்சத்தில் இல்லை.

அதனால்தான் 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில் சொகுசுக் கப்பல் பயணத்தைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்த செய்தியைப் படித்ததும், அம்மாவை அழைத்துப் போயே தீர வேண்டும் என்று தோன்றியது. சில வாரங்கள் கழித்து இடம் கிடைத்தது. இரண்டு இரவுகள், நடுக்கடல் வரை போய்ச் சென்னைக்கே திரும்பும் பயணம். "எங்கயும் எறங்க வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப சரி. போறவங்க எல்லாரும் திரும்பி வந்துருவாங்க" என்றார்.

ஏறும் நாளின் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். வீட்டிலேயே இணையத்தில் பதிவை முடித்து, நுழைவுச் சீட்டை எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாத பயணத்துக்கு ஆதார் போன்ற அடையாள அட்டை போதும். பெட்டிகளில் அறை எண் எழுதிய பட்டையைக் கட்டி முனையத்தில் ஒப்படைத்தால், அவை தனியே ஏறி அறை வாசலுக்கு வந்துவிடும். வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மாத்திரை, கண்ணாடி, மாற்று உடை ஒன்று, இவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. கடைசியாக முகத்தைப் படம் பிடித்து ஓர் அட்டை தருகிறார்கள். அறைச் சாவி, அடையாளம், பணப்பை மூன்றும் அதுதான். தங்குவது, சாப்பாடு, நிகழ்ச்சிகள் கட்டணத்தில் அடக்கம். மது, இணையம், மசாஜ் போன்றவை தனிக் கணக்கு.

முனையத்தைவிட்டு வெளியே வந்ததும் எதிரில் ஒரு வெள்ளைச் சுவர். எங்கே முடிகிறது என்று பார்க்கத் தலையை அண்ணாந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது கப்பல் என்று உறைத்தது. படத்தில் பார்க்கும்போது கப்பலுக்கு முன்னும் பின்னும் உண்டு, பக்கத்தில் நிற்கும்போது உயரம் மட்டும்தான் உண்டு. அம்மா பார்த்தது வேறு. கப்பலைக் கரையோடு கட்டியிருந்த வடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆள் மணிக்கட்டு மொத்தத்துக்கு ஒவ்வொரு வடமும், இரும்புக் குற்றிகளில் மாட்டி, அலைக்குத் தக்க இறுகியும் தளர்ந்தும் முனகிக்கொண்டிருந்தது. "இத அவுக்கிறத நான் பாக்கணும்" என்றார்.

எம்பிரஸ் என்ற அந்தக் கப்பல் 1990-ல் பிரான்சின் சான் நசேர் தளத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அப்போது பெயர் நோர்டிக் எம்பிரஸ். மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நான்கு நாள் குறும்பயணம் போவதற்கென்றே திட்டமிட்ட கப்பல். பிறகு ஸ்பெயின் நாட்டு நிறுவனத்திடம் சில வருடம் இருந்து, மறுபடி அமெரிக்கா போய், 2017-ல் கியூபாவின் ஹவானா வரைக்கும் பயணிகளைக் கொண்டுபோனது. 210 மீட்டர் நீளம், 48,000 டன்னுக்கு மேல், சுமார் 1,800 பேர் தங்கலாம். இந்த டன் என்பது எடை அல்ல, பலரும் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். கப்பலின் உள்ளே அடைபட்ட இடத்தின் அளவுதான் அது.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ரஜூலாவின் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அது 8,500 டன்னுக்கும் குறைவு. தொடக்க காலத்தில் அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. ஆறில் ஒரு பங்கு கப்பலில் மூன்று மடங்கு மனிதர்கள். பாயை விரித்த இடம்தான் அறை, தகரப் பெட்டிதான் சுவர். தாத்தா போன காலத்தில் நெரிசல் குறைந்திருக்கலாம். ஆனாலும் அவர் திரும்பி வந்த பிறகு ஒரு தடவைகூடக் கப்பலைப் பற்றிப் பேசியதில்லையாம்.

நடைபாலத்தில் ஏறி உள்ளே நுழைந்தால் குளிர், பூ வாசனை, இசை, பல தளங்களின் உயரத்துக்குத் திறந்து கிடக்கும் நடுமண்டபம், அதில் மேலும் கீழும் போகும் கண்ணாடி லிஃப்ட். கல்யாண மண்டபத்து வாசல் போல எல்லோரும் சிரித்து வரவேற்கிறார்கள். கடலில்தான் இருக்கிறோமா என்று சந்தேகம் வருகிறது. அதை மறக்கடிப்பதற்காகவே பெரும் பணம் செலவு செய்து இப்படிக் கட்டுகிறார்கள் போலும். எனக்கு அந்த மண்டபத்தில் அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை. சன்னலைத் தேடினேன்.

எங்கள் அறை கீழ்த்தளம் ஒன்றில், கப்பலின் நடுவாக இருந்தது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். சீசா பலகையின் நுனியைவிட நடுவில் ஆட்டம் குறைவு என்பது போலத்தான். அறையைக் காட்ட வந்த இளைஞர் எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். தூத்துக்குடிக்காரர். குளியலறை வாசலில் அம்மாவை நிறுத்தி, "காலைத் தூக்கி வைங்கம்மா. கப்பல்ல வாசப்படி ஒசரமாத்தான் இருக்கும். தண்ணி வெளிய வரப்படாதுல்லா" என்றார். அம்மா அந்த இரும்புப் படியைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். மேலே போட்ட கம்பளமும் பளபளப்பும் தீர்ந்து, முதல்முதலாகக் கப்பல் தன் முகத்தைக் காட்டிய இடம் அதுதான்.

"ஊருக்குப் போயி எத்தன நாளாச்சு தம்பி?"

"ஏழு மாசம் ஆச்சும்மா. இன்னும் ரெண்டு மாசத்துல சைன் ஆஃப்."

பணியில் சேருவது சைன் ஆன், முடித்து இறங்குவது சைன் ஆஃப். இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் கப்பல்காரர்களின் காலம் ஓடுகிறது. 2013-ல் நடைமுறைக்கு வந்த உலகக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் பத்து மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. திருப்பிப் போட்டால், பதினான்கு மணி நேரம் வேலை வாங்க இடம் இருக்கிறது. நடைமுறையில் வார விடுமுறை கிடைப்பதில்லை. நாம் இறங்கிய காலையில் அறையைக் கழுவி, அன்று மதியமே அடுத்தவரைச் சிரித்து வரவேற்கிறவர்கள் அவர்கள். கப்பலில் ஏறுகிறவர்கள் முதல் நாளே தங்கள் அறைப் பணியாளரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டால் போதும், அப்புறம் மணி அடித்துக் கூப்பிட மனம் வராது. அம்மா முறுக்கு டப்பாவைத் தேடினார். வெளிச் சாப்பாடு கூடாது என்று நான்தான் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அதற்காக இரண்டு நாளும் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

நாலு மணி இருக்கும், ஒலிபெருக்கியில் அபாயப் பயிற்சிக்கு அழைத்தார்கள். ஏழு குறுஞ்சங்கு, ஒரு நெடுஞ்சங்கு. அந்த ஒலி கேட்டால் எல்லோரும் தங்கள் அட்டையில் குறித்த கூடுமிடத்துக்குப் போக வேண்டும். மேல்தளத்தில் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு இருந்த சிலர் நகரவே இல்லை. எனக்கு அதில் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான், 1914-ல் கடலில் உயிர்காப்புக்கான முதல் உலக உடன்படிக்கை எழுதினார்கள். அதற்குப் பிறகும் நூறு வருடம் கழித்து, 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதியது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பலநூறு பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய விதி இருந்தது. 2015-லிருந்து, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். நம்மை அந்த இருபது நிமிடம் நிற்க வைக்க அத்தனை உயிர் போயிருக்கிறது.

ஆரஞ்சு மிதவை உடையை எப்படி மாட்டுவது என்று ஒரு பிலிப்பைன்ஸ் பெண் செய்து காட்டினார். அம்மா வாரை இடுப்பில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தலைக்கு மேல் தொங்கிய உயிர்காப்புப் படகை எண்ணினார். "இந்தப் பக்கம் இத்தன, அந்தப் பக்கமும் இத்தனயா?" ஆமாம் என்றதும்தான் சாப்பிட வந்தார். சாம்பார் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லி, அந்த நீண்ட உணவு வரிசையைத் தாண்டுகிறேன்.

ஐந்து மணிக்கு மேல் திறந்த தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்புறம் பாட்டும் ஆட்டமும் தொடங்கிவிட்டது. கீழே கரையில் ஹெல்மெட் போட்ட நாலு பேர். ஒருவர் கையை உயர்த்த, மற்றவர்கள் வடத்தின் கண்ணியைக் குற்றியிலிருந்து கழற்றி நீரில் விட்டார்கள். அது மெதுவாக, நனைந்தபடி, கப்பலுக்குள் ஏறியது. ஒவ்வொன்றாய்க் கழன்று கடைசி வடமும் விழுந்தபோது எந்த அதிர்வும் இல்லை. கரைக்கும் நமக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர். பிறகு ஒரு பாகம். துறைமுகத்தின் பைலட் ஏறி வழிகாட்ட, இழுவைப் படகுகள் கப்பலைத் திருப்பின.

சென்னையைக் கடலிலிருந்து பார்க்காதவர்களுக்குச் சென்னையில் பாதி தெரியாது. உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள், 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கை ஏந்தி நின்ற உயர்ந்த குவிமாடம், கோட்டைக் கொடிமரம், தெற்கே மெரினாவின் இன்றைய விளக்கு, எல்லாம் கடலில் வருகிறவன் பார்க்கவென்றே வைத்தவை போலிருக்கும். இந்த ஊருக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்கள் அலையைத் தாண்டினார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடையும், தைத்த படகு நெளிந்துகொடுக்கும். 1870-களில் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்களை 1881 புயல் அடித்துக்கொண்டு போனது. கிழக்கு வாயில் மணல் சேர்ந்து தூர்ந்ததால், துறைமுகத்தின் தலைவராக ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் இருந்த காலத்தில் அதை மூடி வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள். வடக்குப் பக்கம் காசிமேட்டின் பாய்மரமில்லாத படகுக் கூட்டம் தெரிந்தது.

கப்பல் வேகமெடுத்தபோது, கரைக்குத் திரும்பும் ஒரு ஃபைபர் படகு எங்களைக் கடந்தது. அதில் மூன்று பேர். அம்மா கையசைத்தார். ஒருவர் பதிலுக்குக் கையைத் தூக்கினார். தளத்தில் இருந்த மற்றவர்கள் அறைக்குப் போன பிறகும் அம்மா அந்தப் படகையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிட்டேன், சைகையால் நிறுத்தினார்.

"மொகம் போயிருச்சு" என்றார் முதலில். கொஞ்சம் பொறுத்து, "கை போயிருச்சு. சட்ட கலரு மட்டும் தெரியுது. அந்த நடுவுல நிக்கிற ஆளு செகப்பு."

இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு இருந்தது.

"அன்னிக்கு நான் மஞ்சப் பாவாட கட்டியிருந்தேன்டா" என்றார். "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."