ஒலிவாங்கியில் ஊதிப் பார்க்கலாமா?

ஆயர் தாவார் வட்டாரத்தில் கோயில் திருவிழாவாகட்டும், திருமண விருந்தாகட்டும், நிகழ்ச்சி தொடங்குமுன் ஒருவர் ஒலிவாங்கியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு ‘பூ’ என்று ஊதிவிட்டு ‘ஹலோ, ஹலோ’ என்பார். மேடையில் இருப்பது டைனமிக் ஒலிவாங்கி என்பதால் தாங்கிக்கொள்கிறது. ரிப்பன் ஒலிவாங்கியை அப்படி ஊதினால், ஒரே மூச்சில் அது கெட்டுப்போகலாம்.

காரணம் எளிது. அதன் உள்ளே வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, மடிப்பு மடிப்பான ஓர் அலுமினிய நாடா தொங்குகிறது. அதன் கனம் ஏறக்குறைய 2 மைக்ரோன்தான். தலைமுடியோ சுமார் 70 மைக்ரோன். ஒலியலையில் காற்று அசைய நாடாவும் அசைந்து, சிறு மின்சாரத்தை உண்டாக்குகிறது. இவ்வளவு மெல்லியது என்பதால்தான் குரல் இயல்பாகப் பதிவாகிறது. அதே காரணத்தால்தான் ஊதினால் நாடா நீண்டு தொய்கிறது அல்லது அறுகிறது.

ஜெர்மனியில் 1920களில் ஷாட்கி, கெர்லாக் ஆகிய இருவர் வகுத்த வழி இது. அமெரிக்காவில் 1930களில் ஹாரி ஓல்சன் இதை ஆர்.சி.ஏ. நிறுவனத்திற்காக வளர்த்தெடுத்தார். பி.பி.சி.யும் மார்க்கோனியும் 1934இல் தங்கள் ‘டைப் ஏ’ ஒலிவாங்கியைக் கொண்டுவந்தன.

இன்று கைத்திறன் உள்ள இளைஞர்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கிறார்கள். சமையலறை அலுமினியத் தாள் உதவாது, கனம் அதிகம். மெல்லிய தாளை இரண்டு காகிதங்களுக்கு இடையே வைத்துப் புதிய பிளேடால் வெட்டி, சிறு பற்சக்கரங்களுக்கு நடுவே உருட்டி மடிப்பிட வேண்டும். கூரை மின்விசிறியை முதலில் நிறுத்துங்கள்! இரும்புத் திருப்புளியும் வேண்டாம்; காந்தம் இழுத்த வேகத்தில் அது நாடாவைக் கிழித்துவிடும். பித்தளைக் கருவியே நல்லது. நாடாவின் மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவு என்பதால், சமிக்ஞையை உயர்த்த 1:30 அளவிலான டிரான்ஸ்பார்மரும் தேவை. அப்படியும் ஒலி மெலிந்தே வரும். 60 டெசிபலுக்கு மேல் பெருக்கும் கருவி வேண்டும்.

முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது என்பது இதன் குணம். இரு பாடகர்கள் எதிரெதிரே நின்று ஒரே ஒலிவாங்கியில் பாடலாம். நாதஸ்வரத்தின் கூர்மையையும் சற்றே மென்மையாக்கித் தரும். உறுமி மேளத்திற்கு அருகில் மட்டும் வைக்க வேண்டாம். தோலிலிருந்து கிளம்பும் காற்றடி ஆபத்து. தள்ளி வைத்தால் பதியலாம். திருவிழா மேடைக்கு இது ஏற்றதல்ல, பதிவு அறைக்கே உரியது.

இன்னோர் எதிரி, மிக்சரில் உள்ள 48 வோல்ட் ‘பாண்டம்’ மின்சாரம். கம்பி இணைப்பு சரியாக இருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. கம்பி பழுதாகவோ தவறாக இணைக்கப்பட்டோ இருந்தால், நாடா உதறி எறியப்படும். புதிய சில மாடல்களுக்கு அந்த மின்சாரம் தேவைப்படுகிறது. ஆகவே கையேட்டைப் பார்த்துவிட்டே பொத்தானை அழுத்த வேண்டும்.

வேலை முடிந்ததும் துணிப்பையால் மூடி, நிமிர்த்தியே வையுங்கள்; படுக்க வைத்தால் நாளடைவில் நாடா தொய்யும். இரும்புத் தூள் பறக்கும் பட்டறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்திற்கு, கேமரா வைக்கும் உலர்பெட்டி பொருத்தம்.

நாடா அறுந்துவிட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். காந்தமும் உடலும் பல பத்தாண்டுகள் நிற்கும். தெரிந்தவரிடம் கொடுத்தால் புது நாடா மாட்டித் தருவார்.