காகிதம் காப்பாற்றிய ஆணி!

மரக்காணத்தில் உப்பு விளைவது கோடையில். அந்தச் சமயம் பார்த்து உவர்நீர்க் குழாய் ஒழுகினால் பாத்தி காயும், கூலியும் போகும். இரும்புக் குழாயும் பித்தளை வால்வும் சேரும் இடத்தை முதலில் பாருங்கள்!

இரு உலோகமும் தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால், அது ஒரு சின்ன பாட்டரி. மின்சாரம் ஓட ஓட இரும்பு கரையும், பித்தளை தப்பிக்கும். நல்ல தண்ணீரில் மெதுவாக நடப்பது, உப்பு நீரில் விறுவிறுவென்று நடக்கும்.

1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற மரக்கப்பலின் அடியில் செப்புத் தகடு போர்த்தியது. அடித்த ஆணிகளோ இரும்பு! இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், பல ஆணிகள் அரித்துப்போய்த் தகடு கழன்றிருந்தது. சில ஆணிகள் மட்டும் பழுதில்லை. காரணம்? தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அங்கே நடுவில் சிக்கியிருந்தது!

நம் குழாய்க்கும் அதுவே மருந்து. பிளாஞ்சு வைத்து இணையுங்கள். நடுவே ரப்பர் வளையம் வையுங்கள். போல்ட்டுகளுக்கும் பிளாஸ்டிக் உறையும் வாஷரும் போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போல்ட்டு வழியே போய்விடும்.

ரப்பர் வளையம் வாங்கச் சோம்பினால், அடுத்த கோடையில் குழாயே வாங்க வேண்டியதுதான்!