வலமிருந்து படிக்க வேண்டிய முகவரி

பெரும்பாக்கத்தில் இருக்கிறது செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். அங்கே கடிதம் எழுதினால் ஊரும் 600100 என்ற பின்கோடும் கடைசி வரியில் வரும். தபால் பிரிப்பவர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். இணைய முகவரியையும் அப்படியே கடைசியிலிருந்து படிக்க வேண்டும்.

நிறுவனத்தின் தளம் 'சிஐசிடி.இன்'. 'இன்' என்றால் இந்தியா. அதற்கு முன்னால் நிற்பது நிறுவனம் பதிவுசெய்த பெயர். இரண்டும் சேர்ந்ததுதான் டொமைன். ஆனால் 'இன்' முடிவை 2005 முதல் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். 'கவ்.இன்' அப்படியல்ல, அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஒரு மத்திய நிறுவனம் வெறும் 'இன்'னோடு நிற்பது எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை.

தொடக்கத்தில் வரும் 'எச்டிடிபிஎஸ்', உங்கள் போனுக்கும் தளத்துக்கும் நடுவே யாரும் தகவலை இடைமறித்துப் படிக்க முடியாது என்று மட்டும் சொல்கிறது. தளத்துக்காரர் யோக்கியர் என்பதற்கு அது சாட்சியல்ல. அந்தப் பாதுகாப்பு மோசடிக்காரருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்துள்ள இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லாதது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 2009-ல் ஒப்புக்கொண்டார்.

டொமைனுக்குப் பிறகு வரும் ஒற்றைச் சாய்கோடுதான் முக்கியம். அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் தளத்துக்குள் எந்தப் பக்கம் என்று காட்டும் வழி. உரிமையாளர் யார் என்பதை அதில் தேடக் கூடாது. 'இன்றிரவு கரண்ட் கட்' என்று மிரட்டும் எஸ்எம்எஸ்ஸில் 'டிஎன்.கவ்.இன்.கரண்ட்பில்.டாப்/' என்பதுபோல ஒரு லிங்க் வருவதாக வைத்துக்கொள்வோம். முன்னால் இருக்கும் அரசுப் பெயரைக் கண்டு கை நீளும். ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: 'டாப்', அதற்கு முன் 'கரண்ட்பில்'. தளம் அந்தப் பெயரைப் பதிவுசெய்தவருடையது. 'டிஎன்.கவ்.இன்' அவரே தன் டொமைனுக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட துணைப்பெயர், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தமிழிலும் முகவரி உண்டு. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' மூன்றும் நடப்பில் இருக்கின்றன. உள்ளுக்குள் அவை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாறித்தான் பயணிக்கின்றன. தமிழ் லிங்க்கைப் பிரதியெடுத்து ஒட்டும்போது அந்தச் சரம் தலைகாட்டினால் பதற வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு: கண்ணுக்கு 'க'வும் தமிழ் எண் '௧'வும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு வேறு குறியீடுகள்.